கோடும் ஓடும், புரோகிராமும் ஓடும்

நாங்கள் படித்த காலத்தில் கம்ப்யூட்டர் ஒரு படம் வரைந்தால், அந்தப் படம் நிற்காது. இப்போது கம்ப்யூட்டர் ஒரு படம் வரைந்தால், கம்ப்யூட்டரே நின்றுவிடுகிறது. இடைப்பட்ட முப்பது வருடங்களுக்கு முன்னேற்றம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நானும் மறுக்கவில்லை.

1990-களின் தொடக்கத்தில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்தவர்களுக்கு கிராஃப் என்றால் கிராஃப் ஷீட்தான். சோதனையை முடி, அளவுகளை அட்டவணையில் எழுது, பென்சிலைச் சீவு, புள்ளி வை, கோடு போடு, ரெக்கார்டு நோட்டில் ஒட்டு, கையெழுத்து வாங்கு. கோடு எங்கே வளைகிறது என்று தெரியவரும்போது, லேப் அட்டெண்டர் சாமான்களை எல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்கே போயிருப்பார். தப்பு எங்கே என்று தெரியும். திருத்தத்தான் வழி இருக்காது. அதனால் வளைய வேண்டிய இடத்தில் கோட்டை நாமே வளைத்துக்கொள்ளும் கலை எல்லாக் கல்லூரிகளிலும் நன்றாகத் தழைத்திருந்தது.

இந்த ஏற்பாட்டுக்கு விதிவிலக்காக எங்கள் லேபின் மூலையில் ஒரு பெட்டி இருந்தது. சார்ட் ரெக்கார்டர். ஒரு மோட்டார் காகிதச் சுருளை ஒரே வேகத்தில் உருட்டும். மேலே ஒரு பேனா. உள்ளே வரும் மின்னழுத்தம் ஏறினால் பேனா ஒரு பக்கம் நகரும், இறங்கினால் மறுபக்கம். அதன் அறிவு அவ்வளவுதான். மை காய்ந்துபோனால் அட்டெண்டர் ஒரு ஊசி சிரிஞ்சோடு வந்து வைத்தியம் பார்ப்பார்.

அதில் வெள்ளீயம் உறைவதைப் பார்த்தது இன்னும் மறக்கவில்லை. வெள்ளீயத்தைச் சின்ன மூசையில் உருக்கி, குரோமெல்-அலுமெல் தெர்மோகப்பிளின் ஒரு முனையை அதற்குள் விட்டு, மறுமுனையை ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கில் வைக்க வேண்டும். ஐஸ், எதிர்த்தாற்போல் இருந்த கூல்பாரில் வாங்கியது. அடுப்பை அணைத்ததும் பேனா இறங்க ஆரம்பிக்கும். 232 டிகிரி செல்சியஸில், அதாவது தெர்மோகப்பிள் கணக்கில் சுமார் 9.4 மில்லிவோல்ட்டில், அது நின்றாக வேண்டும். நிற்காது. தாண்டி இறங்கும். போச்சு, இன்றைக்கும் சொதப்பல் என்று நினைக்கிற நேரத்தில் பேனா சட்டென்று மேலே ஏறி, 232-க்கு வந்து உட்கார்ந்து, அங்கிருந்து ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராகப் போகும். திரவம் உறைநிலைக்குக் கீழே இறங்கியும் கொஞ்ச நேரம் திரவமாகவே இருந்துவிட்டு, முதல் படிகம் தோன்றியதும் உள்ளே வைத்திருந்த வெப்பத்தை விடுகிறது என்று புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. பேனா அதை எங்கள் கண் முன்னால் நடத்திக் காட்டியது. பேனா வரையட்டும் என்று வெள்ளீயம் காத்திருக்கவில்லை. வெள்ளீயம் உறையட்டும் என்று காகிதமும் காத்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த ஈ.சி.ஜி. இயந்திரமும் இதே குலம்தான். காகிதம் நொடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடும். படம் வரைந்து முடிக்கும்வரை இதயம் கொஞ்சம் நிற்கட்டும் என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை. அந்த யோசனை பிற்பாடு சாஃப்ட்வேர்காரர்களுக்குத்தான் வந்தது.

எங்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் ரூமுக்குள் போக வேண்டுமானால் செருப்பைக் கழற்ற வேண்டும். ஏ.சி. இருந்த ஒரே அறை அதுதான் என்பதால், கம்ப்யூட்டரில் ஆர்வம் இல்லாதவர்களும் மே மாதத்தில் ஆர்வம் கொள்வார்கள். உள்ளே டர்போ சி. அதில் ஒரு சைன் அலை வரைய, முதலில் பி.ஜி.ஐ. கோப்பு எந்த டைரக்டரியில் இருக்கிறது என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். தவறினால் கிராஃபிக்ஸ் இன்னும் தொடங்கவே இல்லை என்று ஒரு வரி கடுகடுக்கும். சரியாகச் சொன்னால் 640-க்கு 480 புள்ளிகளும் 16 நிறங்களும் கொண்ட திரை திறக்கும். அந்தத் திரைக்கு பூஜ்யம் இடதுபக்க மேல் மூலையில். கீழே போகப் போக எண் கூடும். அதனால் முதன்முதலில் வரைகிற எல்லோருக்கும் அலை தலைகீழாகத்தான் வரும். சைன் அலை தலைகீழாக வந்தாலும் சைன் அலை மாதிரியே இருப்பதால், கடைசிவரை அதைக் கவனிக்காமல் பாஸ் பண்ணியவர்கள் உண்டு.

இத்தனையும் செய்து ஓடவிட்டால் திரை ஒரு தடவை மினுக்கும். அவ்வளவுதான். படம் வந்து, புரோகிராம் முடிந்து, திரை துடைக்கப்பட்டு, எடிட்டரின் நீலம் திரும்ப வந்திருக்கும். படம் வந்ததற்கு நம் வார்த்தையைத் தவிர வேறு சாட்சி இல்லை. அதற்காகத்தான் கடைசியில் 'கெட்ச்' என்று ஒரு வரி. யாராவது ஒரு கீயை அழுத்தும்வரை அப்படியே நிற்கும். டர்போ சி படித்து வளர்ந்த தலைமுறைக்குக் கெட்ச் இல்லாத புரோகிராம் புரோகிராமே இல்லை. ஏன் போடுகிறாய் என்று வைவாவில் கேட்டால், "கடைசியில அதைப் போடணும் சார்" என்பதுதான் பதில். சாரும் தலையாட்டுவார்.

நிற்காமல் வரைய வேண்டுமா? அதற்கு எந்த வித்தையும் தேவைப்படவில்லை. 'கேபி-ஹிட்' என்று இன்னொன்று இருந்தது. கீ அழுத்தியிருக்கிறார்களா என்று பார்த்து, இல்லையென்றால் காத்திருக்காமல் திரும்பிவிடும். அதை வைத்து ஒரு லூப். கணக்குப் போடு, புள்ளி வை, அடுத்த கணக்குக்குப் போ. கல்லூரிக் கண்காட்சியில் எங்கள் சைன் அலை அப்படித்தான் நாள் முழுக்க நகர்ந்துகொண்டிருந்தது. பார்க்க வந்த பள்ளிப் பிள்ளைகள் கீபோர்டைத் தொட்டால் நின்றுவிடுமே என்று கீபோர்டைத் துண்டு போட்டு மூடி வைத்திருந்தோம்.

அது அவ்வளவு சுலபமாக நடந்ததற்குக் காரணம் எங்கள் சாமர்த்தியம் அல்ல, அந்தக் கால ஆபரேட்டிங் சிஸ்டமான டாஸின் ஏழ்மை. டாஸில் ஓடுகிற புரோகிராமுக்குத் திரை முழுக்கச் சொந்தம். விண்டோ கிடையாது. மௌஸ் வந்து ஓரத்தைப் பிடித்து இழுக்காது. பின்னால் இன்னொரு புரோகிராம் மறைந்து நிற்காது. வீடியோ மெமரியில் ஒரு எண்ணை எழுதினால் திரையில் ஒரு புள்ளி வரும். எழுதிய புரோகிராம் திரும்பிப் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போய்விடலாம். அங்கே படம் என்பது எழுதி வைத்த எண்கள்தான். அதைப் பக்கத்தில் நின்று பராமரிக்க ஆள் தேவைப்படவில்லை.

பிறகு நல்ல காலம் வந்தது. விண்டோ வந்தது, மௌஸ் வந்தது, பைத்தான் வந்தது.

பைத்தானில் படம் வரைய இன்று பெரும்பாலோர் எடுக்கும் மேட்பிளாட்லிப்பின் கதை சுவையானது. ஜான் ஹன்டர் என்ற அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர், வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளை ஆராய்ந்தவர். மேட்லேபில் வரைவதுபோல் பைத்தானிலும் வரைய வேண்டும் என்று பைத்தானை வரி வரியாக ஓட்டிப் பார்க்க உதவும் ஐபைத்தானுக்கு 2002-இல் ஒரு சேர்க்கை எழுதி அனுப்பினார். ஐபைத்தானை உருவாக்கிய ஃபெர்னாண்டோ பெரஸ் அப்போது பிஎச்.டி.யை முடிக்கும் அவசரத்தில் இருந்தார். இன்னும் சில மாதங்களுக்கு இதைப் பார்க்க நேரமில்லை என்று சொல்லிவிட்டார். ஹன்டர் காத்திருக்கவில்லை, தனியாகக் கிளம்பிவிட்டார். 2003-இல் மேட்பிளாட்லிப் வெளிவந்தது. 2012-இல் அவர் காலமானார். காத்திருக்க மாட்டேன் என்று கிளம்பிய மனிதர் எழுதியதை வைத்துக்கொண்டு, உலகம் முழுக்கப் புரோகிராம்கள் இன்று காத்துக் கிடக்கின்றன.

எப்படிக் காத்துக் கிடக்கின்றன என்பதை என் அக்கா மகளின் வீட்டுப்பாடத்தில் பார்த்தேன். இன்ஜினீயரிங் கடைசி வருடம். நெல் இலையின் போட்டோவைப் பார்த்து குலைநோயா, பழுப்புப் புள்ளியா என்று சொல்லும் நியூரல் நெட்வொர்க்தான் புராஜெக்ட். போட்டோ மூட்டை முழுவதையும் அது ஒரு தடவை படித்து முடித்தால் ஒரு எபோக். ஒவ்வொரு எபோக்குக்கும் பிழை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கோடாகக் காட்டும்படி எழுதியிருந்தாள். பைத்தானை பிரவுசரிலேயே ஓட்டும் நோட்புக்கில் எழுதியிருந்தால் படம் கீழேயே ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். இவள் டெர்மினலில் ஓடவிட்டு, இரவு சாப்பிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

காலையில் போன். "மாமா, ராத்திரி பூரா ஓட விட்டேன். ஒண்ணுமே ஓடலை. ஒரு வெத்துக் கட்டம்தான் நிக்குது."

போய்ப் பார்த்தேன். திரையில் ஒரு விண்டோ. அதற்குள் இரண்டு அச்சுகள், எண்கள், அழகான தலைப்பு. கோடு இல்லை. முதல் எபோக் முடிந்திருக்கிறது. ஒரே ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு கோடு போட முடியாது. படத்தைக் காட்டும் 'ஷோ' என்ற வரி, விண்டோவைத் திறந்துவிட்டு அது மூடப்படும்வரை அங்கேயே நின்றுவிட்டது. அதுதான் அதற்கு இட்ட வேலை. அவள் மூலையிலிருந்த பெருக்கல் குறியை அழுத்தினாள். அடுத்த கணம் லேப்டாப்பின் ஃபேன் உறும ஆரம்பித்தது. எட்டு மணி நேரத் தூக்கம் கலைந்து, இரண்டாவது எபோக் எழுந்துகொண்டது.

"யாராவது பாத்து மூடணும்னு காத்துட்டு இருந்திருக்கா மாமா?"

"ஆமாம்மா. அதுக்கு மரியாதை ஜாஸ்தி."

ஏன் அது நிற்கிறது என்று சொல்ல, ஒற்றை ஆள் நடத்தும் டீக்கடையை நினைத்துக்கொள்ளலாம். பாய்லரும் அவர்தான், கல்லாவும் அவர்தான். கணக்குப் போடுவது பாய்லர். விண்டோ என்பது கல்லா: நகர்த்து, பெரிதாக்கு, மறைந்த பகுதியைத் திரும்ப வரை என்று ஆபரேட்டிங் சிஸ்டம் வரிசையாக ஆட்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். சாதாரணமாக 'ஷோ' சொன்னால், கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்தவர் கடை மூடும்வரை எழுந்திருக்க மாட்டார், பாய்லர் ஆறிப்போகும். 'பிளாக்' வேண்டாம், அதாவது நிற்காதே என்று சொல்லி 'ஷோ' போட்டால், கல்லாப் பெட்டியை வெளியே வைத்துவிட்டு நேராக பாய்லருக்குப் போய்விடுவார். காசை நீட்டிக்கொண்டு நிற்பவர்களை யாரும் கவனிப்பதில்லை. ஐந்து நொடி பதில் வராவிட்டால் விண்டோஸ், அந்த விண்டோவை வெளுத்துக் காட்டி, இது பதில் தருவதில்லை என்று நெற்றியில் எழுதிவிடும். ஆக, மிஞ்சுகிற வழி ஒன்றுதான். இரண்டு டீக்கு நடுவே கல்லாவைப் பார்க்க வேண்டும். மேட்பிளாட்லிப்பில் அதற்கு 'பாஸ்', அதாவது கொஞ்சம் நில், என்று ஒரு வரி. நொடியில் நூறில் ஒரு பங்கு கொடுத்தாலும் போதும். நிற்காமல் ஓட வேண்டிய புரோகிராம், நடுநடுவே கொஞ்சம் கொஞ்சம் நின்று ஓட வேண்டும்.

அந்த வரியைப் போட்டதும் வீட்டில் உற்சாகம். கோடு தானாக வளர்ந்தது. அக்காவும் வந்து பார்த்துவிட்டு, "இதுக்குத்தானா ராத்திரி பூரா கரன்ட்டு?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மகள் பக்கத்திலேயே கைடுக்கு மெயில் அடிக்கத் தொடங்கினாள். அப்போதுதான் அடுத்த கூத்து. 'பாஸ்' ஒவ்வொரு முறையும் விண்டோவை முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. அவள் லேப்டாப்பில் கீபோர்டும் அதோடு சேர்ந்து அங்கே போய்விட்டது. மெயிலுக்கு அடித்த எழுத்துகள் கிராஃபுக்குள் விழுந்தன. மேட்பிளாட்லிப் விண்டோவுக்கு ஒற்றை எழுத்துகள் எல்லாம் கட்டளை. 'ஜி' விழுந்தால் கட்டம் தோன்றும், மறையும். 'எல்' விழுந்தால் நிற்கும் அச்சு லாகரிதம் ஆகும். 'எஃப்' விழுந்தால் படம் திரை முழுக்க விரியும். 'கியூ' விழுந்தால் படமே மூடிக்கொள்ளும். "ரெஸ்பெக்டட் சார்" என்று மரியாதையாகத் தொடங்கியதில் 'எஸ்' விழுந்து, படத்தை எங்கே சேமிக்க என்று ஒரு பெட்டி திறந்தது. அந்தப் பெட்டிக்குப் பதில் சொல்லும்வரை புரோகிராம் நின்றது. அதாவது, நிற்காத படத்தின் வழியாகவே புரோகிராமை நிறுத்தலாம்.

அதற்கும் மருந்து உண்டு. விண்டோவை முன்னால் கொண்டுவராதே என்று சொல்ல ஒரு அமைப்பு இருக்கிறது, அதை அணைத்தாள். ஒவ்வொரு எபோக்குக்கும் புதிதாக ஒரு விண்டோ திறந்துகொண்டிருந்தவள், இருபதைத் தாண்டியதும் இத்தனை படங்கள் திறந்திருக்கின்றனவே, மெமரி தாங்குமா என்று எச்சரிக்கை வரவும், ஒரே கோட்டை வைத்துக்கொண்டு அதன் எண்களை மட்டும் மாற்றக் கற்றுக்கொண்டாள். எண்களை மாற்றினால் போதாது, அச்சின் எல்லையையும் சேர்த்து மாற்றாவிட்டால் கோடு சட்டத்தைத் தாண்டிப் போய்விடும் என்பதை அடுத்த எபோக் சொல்லிக்கொடுத்தது. த்ரெட் போட்டு வேறு பக்கம் வரையலாம் என்று தோழி ஒருத்தி யோசனை சொன்னாள். விண்டோ வேலையை முதன்மை த்ரெட்டுக்கு வெளியே வைத்தால் அநேகமாகப் படுத்துவிடும் என்று மேட்பிளாட்லிப் முன்கூட்டியே எச்சரித்துவிட்டது.

வேகம் என்று ஒரு கணக்கும் இருக்கிறது. ஒரு படத்தை முழுக்கத் திரும்ப வரையச் சில பத்து மில்லிசெகண்டு ஆகும். ஒவ்வொரு எபோக்குக்கும் வரைந்தால் அது ஒன்றும் தெரியாது. இவள் ஆசைப்பட்டு, எபோக்குக்குள் வரும் ஒவ்வொரு சிறு தொகுப்புக்கும் வரையச் சொன்னாள். கோடு அழகாக நெளிந்தது, பயிற்சி நொண்டியது. நெட்வொர்க் நெல்லைப் படித்த நேரம் கொஞ்சம், தன் படத்தை வரைந்துகொண்ட நேரம் நிறைய. நூறு தொகுப்புக்கு ஒரு முறை என்று குறைத்தாள். அப்புறம் பழையபடி எபோக்குக்கு ஒரு முறை.

எல்லாம் கூடிவந்த அன்று, பயிற்சி முழுதாக முடிந்தது. முடிந்த மறுகணம் விண்டோ மறைந்துவிட்டது. நிற்காதே என்று சொல்லியிருந்தோம் அல்லவா? கடைசி வரி ஓடி முடிந்ததும் புரோகிராம் போனது, அதன் கூடவே படமும் போனது. "இப்ப என்ன மாமா பண்றது?" என்று என்னைப் பார்த்தாள். கடைசி வரியில் ஒரு சாதாரண 'ஷோ', நிற்கிற 'ஷோ', போடச் சொன்னேன். எதற்கு என்று கேட்டாள். "கடைசியில அதைப் போடணும்மா" என்றேன். முப்பது வருடமாக எனக்குத் தெரிந்த பதில் அதுதான்.

பெரிய இடங்களில் இந்தச் சில்லறைத் தொல்லை எல்லாம் கிடையாது. பயிற்சி நடத்தும் புரோகிராம் எண்களை ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே போகும். டென்சர்போர்டு போன்ற இன்னொரு புரோகிராம் அந்தக் கோப்பைப் படித்து பிரவுசரில் கோடு போடும். வரைகிற புரோகிராம் செத்தாலும் பயிற்சி சாகாது. நம்மாலும் முடியும்: வரைவதைத் தனி பிராசஸாக ஓடவிட்டு, எண்களை மட்டும் வரிசையில் தள்ளிவிடலாம். கேட்கப் புதுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுப்பு ஒரு பக்கம், பேனா ஒரு பக்கம், நடுவே ஒரு கம்பி மட்டும் என்று எங்கள் லேப் மூலையில் இருந்த பெட்டியை, காயலான் கடைக்கு எடைக்குப் போட்ட பிறகு திரும்பக் கண்டுபிடித்திருக்கிறார்கள். சிரிஞ்ச் மட்டும் தேவையில்லை.

ஓடும்போதே ஏன் பார்க்க வேண்டும் என்று அக்கா ஒரு நாள் கேட்டாள். நியாயமான கேள்வி. பயிற்சிக்குக் கொடுத்த போட்டோக்களில் பிழை குறைந்துகொண்டே போகும். தனியே எடுத்து வைத்த போட்டோக்களில் ஓரளவு குறைந்து, ஒரு கட்டத்துக்குப் பிறகு ஏற ஆரம்பிக்கும். நெட்வொர்க் நோயைப் படிப்பதை விட்டுவிட்டு, கேள்வித்தாளை மனப்பாடம் பண்ண ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நம் பிள்ளைகளிடம் நாம் பாராட்டுகிற குணம், இங்கே குறை. இரண்டு கோடுகளும் பிரிகிற இடத்தைக் கண்ணால் பார்த்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். மிச்ச ராத்திரி கரன்ட்டு மிச்சம். ஆக, படத்துக்காகப் புரோகிராம் நிற்கக் கூடாது என்று இத்தனை பாடுபட்டது, படத்தைப் பார்த்து அதை எப்போது நிறுத்தலாம் என்று முடிவு செய்யத்தான்.

போன வாரம் போயிருந்தபோது லேப்டாப் ஹாலில் ஓடிக்கொண்டிருந்தது. நீலக் கோடும் ஆரஞ்சுக் கோடும் தாமாக நகர்ந்துகொண்டிருந்தன. அவள் சோபாவில் கவிழ்ந்து படுத்து போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோட்டைப் பாக்கலையா? பிரிஞ்சிடப் போகுது."

"பாக்க வேண்டாம் மாமா. அஞ்சு எபோக் வரைக்கும் குறையலைன்னா தானா நின்னுடுற மாதிரி எழுதிட்டேன். அதுவே பாத்துக்கும்."

"அப்ப இந்த விண்டோ எதுக்கு ஓடுது?"

"அது கைடு சாருக்கு. ரிவ்யூவுல கோடு நகர்ந்தாத்தான் வேலை நடக்குதுன்னு நம்புறார்."